சிப்புக்குச் சொத்தை

இன்னும் இருபத்தாறு மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது.

அந்தக் கணக்கைச் சொன்னவன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். ஒரு தலையணை உறையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான். உறைக்குள் சதுரமாக ஏதோ இருந்தது. காலை பத்து இருபதுக்கே சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

"நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்துடுவாருங்க. அதுக்குள்ள இதுக்கு உயிர் வரணும்."

"உள்ள என்ன, கிளியா?" என்றார் சித்தப்பா.

"கேம் கன்சோல்."

"அப்ப பயப்படாதீங்க. அதுக்கு உயிர் போய் வர்றது சகஜம்."

அது முதல் மாடிக் கடை. கீழே சலவைக்கடை. டிஸ்க் படிக்காத பெட்டிகள் எல்லாம் ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியாக வந்து சேரும் இடம். எது கெட்டது என்று கேட்டு வருகிறவர்கள் பாதி. யார் கெடுத்தது என்று கேட்டு வருகிறவர்கள் மீதி. இரண்டு கேள்விக்கும் பதில் கண்டுபிடிப்பவள் மேசைக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இயற்பியல் படித்தவள். தெருவே அவளை லென்ஸ் என்றுதான் கூப்பிடும். அவளுக்குத் திருகோடு பேசுவது சுலபம், மனிதர்களோடு பேசுவதுதான் கஷ்டம். அந்த வேலையை அப்பாவின் தம்பியிடம் கொடுத்திருந்தாள். சித்தப்பா முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்றாரே தவிர வாய் ஓய்வு பெறவில்லை.

"அவர்னா யாரு?" என்றார் சித்தப்பா.

"என் வருங்கால மாமனார். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கு. நாளைக்கு இது ஓடலைன்னா கல்யாணமே இல்லை."

"ஓஹோ. உட்காருங்க மாப்பிள்ளை. முதல்ல இருந்து வாங்க."

மாப்பிள்ளை உட்கார்ந்தான். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. கை மட்டும் சும்மா இருக்காது. நிச்சயமான மறுவாரம் மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்தான். அது இப்போது பின்பக்கமாக ஓடுகிறது. போன மாதம் காலிங்பெல்லைச் சரி செய்தான். அதை அழுத்தினால் மெயின் ஸ்விட்சை அணைத்தால்தான் நிற்கும்.

"அன்னிக்கே மாமா சொல்லிட்டார். இனி இந்த வீட்டுல ஒரு திருகைத் தொட்டீங்கன்னா என் பொண்ணு கையைத் தொட முடியாதுன்னு. விளையாட்டுக்குச் சொல்ற ஆள் இல்லைங்க. பம்ப் கம்பெனியில தர ஆய்வாளர். வீட்டுல எல்லா மெஷின்லயும் சீல் ஒட்டியிருப்பார். கையெழுத்து, தேதியோட. ஃப்ரிட்ஜ், டிவி, பொண்ணோட லேப்டாப்..."

"பொண்ணுக்கும் ஒட்டியிருப்பாரே?"

"கேட்டுப் பார்க்கலைங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே, பூச்சியைப் பிடித்து வைத்ததுபோல, விரல் அகலத்துக்கு ஒரு காகிதச் சீல்.

"ஹேர் டிரையர் வச்சுப் பிரிச்சேன். கிழியாம வந்துடுச்சு."

"சீல் பிழைச்சுது, பெட்டி செத்துது. என்ன பண்ணீங்க பெட்டியை?"

மாப்பிள்ளை கதையைத் தொடர்ந்தான். மாமனார் பதினோரு நாள் வெளியூர் போயிருக்கிறார். அவர் அலமாரியில் ஒன்பது டிஸ்க் தூசி படிந்து கிடந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்தபோது ஆசையாக வாங்கியவை. வேறு நாட்டு டிஸ்க் என்பதால் இந்தப் பெட்டி அவற்றை ஏற்காது. மாப்பிள்ளை ஒரு வீடியோ பார்த்தான். டிஸ்க் டிரைவின் போர்டில் நகத்தளவு ஒரு சிப் இருக்கும், அதில் சரியான இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை போட்டால் பூட்டு திறந்துகொள்ளும், எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும் என்று அந்த வீடியோக்காரன் சத்தியம் செய்தான்.

"ஊர்லேர்ந்து வந்து டிஸ்க்கைப் போட்டா, ஆச்சரியப்படட்டும்னு..."

"படுவாரு, படுவாரு."

"எதை வச்சு ஓட்டை போட்டீங்க?"

கேட்டது லென்ஸ். அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம். மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினான்.

"கையால சுத்துற டிரில்ங்க. வாட்ச் கடையில வாங்கினேன்."

"ஓட்டை போடறதுக்கு முன்னாடி பெட்டி ஓடுச்சா?"

"ஓடியிருக்கும்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கலை. நேரா பிரிச்சுட்டேன்."

லென்ஸ் பெட்டியைத் திரையோடு இணைத்தாள். உள்ளே ஒரு டிஸ்க் ஏற்கெனவே இருந்தது, மாமனாரின் கால்பந்து விளையாட்டு. அவள் காதைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். டிஸ்க் சுற்றியது. டிரைவின் லென்ஸ் மேலே போய்க் கீழே வந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே. பிறகு டிஸ்க் சோர்ந்து நின்றது. 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்றது திரை.

"மோட்டார் நல்லா இருக்கு. லென்ஸ் நல்லா இருக்கு. அது கேட்குது, பதில்தான் வரலை" என்றாள்.

"வேற டிரைவ் மாத்திடுங்களேன்?"

"பெட்டி ஏத்துக்காது. ரெண்டுக்கும் ஒரே ரகசிய எண். ஒண்ணுக்கொண்ணு ஜோடி."

"கல்யாணமான டிரைவ் மாப்பிள்ளை. உங்களை மாதிரி இல்லை" என்றார் சித்தப்பா.

லென்ஸ் டிரைவைக் கழற்றினாள். போர்டை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். சித்தப்பா சுவரில் இருந்த பல்லியை எண்ணினார். ஒன்றுதான் இருந்தது, அதனால் இரண்டு தடவை எண்ணினார்.

"எத்தனை ஓட்டை போட்டீங்க?" என்றாள் லென்ஸ்.

"ஒண்ணு."

"இதுல ரெண்டு இருக்கு."

மாப்பிள்ளை எழுந்து வந்து பார்த்தான். சிப்பின் வலது ஓரத்தில் எலி கடித்ததுபோல ஒரு குழி. அது தன்னுடையது என்று அவன் முகம் ஒப்புக்கொண்டது. இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அவன் அதைப் பிறவி மச்சம் என்று நினைத்திருந்தான். லென்ஸ் ஒரு சிறு டார்ச்சை எடுத்தாள். சாலிடர் வைத்த இடத்தில் பிசின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் ஊதா டார்ச். வெளிச்சம் பட்டதும் வெள்ளைப் புள்ளி இளநீலமாக ஒளிர்ந்தது.

"உங்க குழி சிப்போட மேல்தோலைக்கூடத் தாண்டலை. இந்த இன்னொண்ணுதான் ஆழம். உள்ள ஒரு கம்பி அறுந்திருக்கு." மீட்டரின் இரண்டு ஊசியையும் சிப்பின் கால்களில் வைத்துக் காட்டினாள். மீட்டர் ஒன்றும் சொல்லவில்லை. "இதைப் போட்டவங்க மேலே அடைச்சு, தேய்ச்சு, பாலிஷும் பண்ணியிருக்காங்க. நீங்க எதையும் கெடுக்கலை."

"கெடுக்கலையா?"

"செத்த பாம்பைத்தான் அடிச்சிருக்கீங்க. அதுவும் வாலுல" என்றார் சித்தப்பா.

மாப்பிள்ளை சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"எப்படிங்க? மாமா ஊருக்குப் போறதுக்கு முதல் நாள்கூட விளையாடினாரே. தினமும் ஏழு மணிக்கு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவார். ஒன்பது வரைக்கும். கூட்டம் கத்தறது, விசில், வர்ணனை, எல்லாம் ஹால் வரைக்கும் கேட்கும். அருமையா ஆடுவார். ஏழு இருபதுக்கு முதல் கோல். ஒருநாள் தவறினதில்லை. அதை வச்சுத்தான் நான் வாட்சையே சரி பண்ணிக்குவேன்."

"கோல் போடறாரா, மாத்திரை போடறாரா?"

லென்ஸ் திரையில் ஏதோ பட்டியலைத் திறந்தாள். பெட்டி கடைசியாகப் படித்த டிஸ்க், கால்பந்து. படித்த தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. அவள் டப்பாவில் இருந்த சீலை எடுத்து விளக்குக்கு எதிராகப் பிடித்தாள். பெட்டி வாங்கி மூன்று வருடம் என்றான் மாப்பிள்ளை. சீலில் இருந்த தேதிக்கும் வயது நான்கு மாதம்தான். பெட்டியின் ஓரத்தில் பழைய பசை ஒரு வரி, புதுப் பசை ஒரு வரி.

"கையெழுத்து அவரோடதுதானா?"

"அச்சு அசல்."

"உங்களுக்குச் சொத்தைப் பல் இருக்கா?"

கேள்வி எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. "இருந்துச்சு. முதல் தடவை அவங்க வீட்டுக்குப் போனப்பவே அத்தை பார்த்துட்டாங்க. மறுநாளே அடைச்சுவிட்டாங்க."

"அத்தைன்னா வருங்கால மாமியார்?"

"ஆமா. அவங்க பல் டாக்டர்."

"வாயைத் திறங்க."

மாப்பிள்ளை திறந்தான். லென்ஸ் ஊதா டார்ச்சைக் காட்டினாள். இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் ஒரு புள்ளி, அதே இளநீலத்தில் ஒளிர்ந்தது.

சித்தப்பா ஒரு அடி பின்னால் போனார். "மகளே, இவருக்கும் ஒரு சிப் வச்சிருக்காங்க."

"இல்லை சித்தப்பா. சிப்புக்குப் பல் அடைச்சிருக்காங்க."

மாப்பிள்ளை வாயை மூட மறந்து நின்றான்.

*

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஆறு நாற்காலி, ஒரு மீன் தொட்டி, தொட்டியில் ஒரே ஒரு மீன். உள்ளேயிருந்து டிரில் சத்தம் மெல்லிசாக வந்தது. ஒவ்வொரு முறை வந்தபோதும் சித்தப்பா மீனைப் பார்த்தார். மீனுக்குப் பல் இல்லை. அவருக்குப் பொறாமையாக இருந்தது.

மாப்பிள்ளையைக் கீழே டீக்கடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"திட்டம் இதுதான்" என்றார் சித்தப்பா. "நான் பேஷன்ட். நீ துணைக்கு வந்தவ. நான் பேச்சுக் கொடுத்துக்கிட்டே விஷயத்தைக் கறந்துடுவேன். நீ வாயே திறக்க வேண்டாம். எத்தனை மூஞ்சியைப் பார்த்தவன் நான்? டிக்கெட் இல்லாத மூஞ்சி கழுத்துக்கு மேல முளைச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுடும்."

திட்டம் நாற்காலி வரை நன்றாகப் போனது. டாக்டர் ஐம்பது வயது அம்மாள். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் சிரித்தன. சித்தப்பா "டாக்டர், ஒரு சந்தேகம்" என்று வாயைத் திறந்தார். அவ்வளவுதான். ஒரு பஞ்சுருண்டை இடது கன்னத்துக்குள் போனது. இன்னொன்று வலது கன்னத்துக்குள். உறிஞ்சும் குழாய் ஒன்று உதட்டில் கொக்கி மாட்டியது.

"எவ்வளவு நாளா இப்படி விட்டிருக்கீங்க? அசையாதீங்க. பேசாதீங்க."

சித்தப்பா கண்களால் லென்ஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு ரயில் தடம் புரண்டுகொண்டிருந்தது.

லென்ஸின் காது சூடானது. பேச வேண்டியவர் வாயில் பஞ்சு. பேசத் தெரியாதவள் வாய் காலியாக இருந்தது. அவள் செல்போனில் எடுத்த படத்தை நீட்டினாள்.

"டாக்டர். இந்தப் பல்லை அடைச்சது யாருன்னு தெரியணும்."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு விநாடி கூடுதலாகவே பார்த்தார்.

"இது பல் இல்லையேம்மா."

"இல்லை. ஆனா அடைச்ச வேலை சுமாரா இருக்கு."

"சுமாரா?" டாக்டர் நிமிர்ந்தார். "நல்லாப் பாரு. ஓரத்துல ஒரு முடி நுழையுமா? மட்டம் எப்படி இருக்கு? இருபது வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் அப்படியே..."

நிறுத்திக்கொண்டார். உறிஞ்சும் குழாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை பெட்டியைப் பிரிச்சுட்டாரா?" என்றார் டாக்டர் மெதுவாக.

"ஆமா. தான்தான் கெடுத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தார். கல்யாணம் நின்னுடும்னு பயப்படறார்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அவர் மேல தப்பு இல்லைம்மா. நான்தான். ஓட்டை போட்டது நான், அடைச்சது நான்."

"சீல்ல கையெழுத்து?"

"அதுவும் நான்தான். இருபத்தெட்டு வருஷமா அந்தக் கையெழுத்தைப் பார்க்கறேன். போடத் தெரியாதா?"

"எங்க வச்சு ஓட்டை போட்டீங்க?"

"இதோ, இங்கேயே. இந்த டிரில்லாலதான்." காலால் மிதித்துக் காட்டினார். டிரில் ரீங்கரித்தது, நுனியிலிருந்து தண்ணீர் பனிபோல் சிதறியது. சித்தப்பா நாற்காலியில் ஒரு அங்குலம் உயர்ந்து இறங்கினார்.

"தண்ணி இல்லாம டிரில் போட முடியாதா டாக்டர்?"

"ஐயோ, கூடாது. சூட்டுல பல்லு வெந்துடும். என் சர்வீஸ்ல தண்ணி இல்லாம ஒரு தடவைகூட டிரில்லைத் தொட்டதில்லை."

லென்ஸ் படத்தைப் பெரிதாக்கினாள். "இந்த ஓட்டை வெந்திருக்கு டாக்டர்."

வெள்ளை அடைப்பைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கருகல் வளையம் தெரிந்தது. பக்கத்திலேயே போர்டில் ஒட்டிய காகித லேபிள். அதில் பேனாவால் எழுதிய எண்ணில் ஒரு இலக்கம்கூடக் கசியவில்லை. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததே இல்லை.

"அடைச்சது உங்க கை. ஓட்டை போட்டது வேற கை" என்றாள் லென்ஸ்.

நாற்காலியிலிருந்து "ம்ம்! ம்ம்ம்!" என்று சத்தம் வந்தது.

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர்.

"டிக்கெட் இல்லைங்கறார்."

டாக்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் சிரிக்கும் பல் ஒன்றின் படம். படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்மா. என் வாயால சொல்ல மாட்டேன். அந்தப் பையன் கல்யாணம் நிக்கிற மாதிரி ஆச்சுன்னா பழியை நானே ஏத்துக்கலாம்னுதான் பார்த்தேன்."

"நீங்க சொல்ல வேண்டாம். பழியும் ஏத்துக்க வேண்டாம். ரெண்டு உதவி மட்டும் பண்ணுங்க." லென்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், ஆனால் நிறுத்தாமல் பேசினாள். "இந்த அடைப்பை எடுத்துக் கொடுங்க. என்னால முடியாது, அவ்வளவு கெட்டியா இருக்கு. அப்புறம் சீலைத் திரும்ப ஒட்டிக் கொடுங்க."

"பெட்டி சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"ஆனா அப்ப..." என்று ஆரம்பித்த டாக்டர், பாதியில் எதையோ புரிந்துகொண்டார். முகக்கவசம் முதலில் லேசாக ஆடியது. பிறகு தோள் ஆடியது. சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

கடைசியில் அவர் போர்டை வாங்கி விளக்குக்குக் கீழே வைத்தார். ஊதுகுழாயால் குளிர்ந்த காற்றை அடித்துக்கொண்டே அடைப்பை மெல்ல மெல்லச் சுரண்டினார். "இவ்வளவு நல்ல வேலையை நானே பிரிக்கறேன் பாரு" என்று ஒருமுறை பெருமூச்சு விட்டார். அதன் பிறகுதான் சித்தப்பாவின் நினைவு வந்து பஞ்சை எடுத்தார்.

"நான் கேட்க நினைச்சதை எல்லாம் நீயே கேட்டுட்டே" என்றார் சித்தப்பா, படியிறங்கும்போது. டாக்டர் போட்ட ஊசியில் உதடு மரத்திருந்ததால் அது வேறு ஏதோ மொழிபோல் கேட்டது.

மாலை ஐந்து மணிக்கு லென்ஸ் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை அறுந்த முனைகளுக்கு நடுவே வைத்துச் சாலிடர் செய்தாள். மூன்று முறை கை தவறியது. நான்காம் முறை மீட்டர் 'பீப்' என்றது. டிஸ்க் சுற்றியது. டிரைவின் லென்ஸ் தேடியது. இந்தமுறை பதில் வந்தது. கூட்டம் ஆரவாரித்தது, விசில் ஊதியது.

மாப்பிள்ளை சித்தப்பாவைக் கட்டிப்பிடித்தான். "தப்பிச்சேன்!"

"இல்லை. இனிமேதான் இருக்கு" என்றாள் லென்ஸ். "இது நாலு மாசமா செத்துக் கிடந்தது ஒருத்தருக்குத் தெரியும். நாளைக்கு இது உயிரோட இருந்தா அவர் மட்டும்தான் ஆச்சரியப்படுவார். மத்தவங்க எல்லாருக்கும் இது எப்பவும் ஓடற பெட்டி."

"யாருங்க அது?"

"பெட்டியே சொல்லும். நாளைக்கு நீங்களா எதுவும் சொல்லாதீங்க. யாராவது கேட்டா மட்டும் பொய் சொல்லாதீங்க."

"உண்மையைச் சொன்னா கல்யாணம் போயிடுமே?"

லென்ஸ் சாலிடர் கம்பியின் ஸ்விட்சை அணைத்தாள். அதற்கு அவளிடம் மீட்டர் இல்லை.

*

மறுநாள் ஒன்று நான்குக்கு மாமனார் வந்தார். குட்டையான, நறுக்கென்ற மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. காலிங்பெல்லை அழுத்தினார். அது ஒருமுறை அடித்து நின்றது. அவர் உள்ளே வராமல் பெல்லையே பார்த்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி ஒருமுறை.

"யார் சரி பண்ணது?"

"நாங்கதாங்க. டாக்டரம்மா கூப்பிட்டாங்க" என்றார் சித்தப்பா. அவரும் லென்ஸும் கடிகாரத்தைக் கழற்றி ஹால் மேசையில் பரப்பியிருந்தார்கள். "இப்ப கடிகாரம். இதுவரைக்கும் இந்த வீட்டுல எல்லாருக்கும் வயசு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு சார்."

மாமனார் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் ஃப்ரிட்ஜின் சீலைப் பார்த்தார். டிவியின் சீலைப் பார்த்தார். அறைக்குள் போய்ப் பெட்டியின் சீலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். சோபாவின் நுனியில் மாப்பிள்ளை இருந்தான். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் மகள். அவளுக்கு எதுவும் தெரியாது. டாக்டர் ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு நாளாச்சேப்பா, ஒரு ஆட்டம் போடலையா?" என்றாள் மகள். "இன்னிக்காவது கதவைத் திறந்து வச்சு ஆடுங்க, இவரும் பார்க்கட்டும்."

"கவனம் சிதறும்" என்றார் மாமனார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டத்தின் இரைச்சல் ஆரம்பித்தது. விசில். வர்ணனை.

"ஆரம்பிச்சுட்டார்" என்றாள் மகள் பெருமையாக.

லென்ஸ் கடிகாரத்தின் சின்னச் சக்கரத்தைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள். இருபது விநாடி. முப்பது. அப்போது உள்ளே இன்னொரு கூட்டம் இரைந்தது. இன்னொரு விசில். ஒரு வர்ணனையாளரின் மேல் இன்னொருவர் பேசினார். ஒரே நேரத்தில் இரண்டு மைதானம்.

"என்னப்பா, ரெண்டு மேட்ச்சா?" என்று மகள் குரல் கொடுத்தாள்.

ஏதோ ஒன்று பட்டென்று நின்றது. ஒரு கூட்டம் மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு பொத்தான்கள் அழுந்தும் சத்தம், முதலில் ஒன்றிரண்டாக, பிறகு மழைபோல. மாமனார் வெளியே வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். டாக்டர் பத்திரிகைக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒன்று முப்பத்தெட்டுக்கு அறைக்குள்ளிருந்து ஒரு பெருங்கூச்சல்.

"கோல்!"

வர்ணனையாளர் இல்லை, மாமனாரின் தொண்டை. மகள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். இந்த நான்கு மாதத்தில் எத்தனையோ கோல் விழுந்திருக்கிறது. ஒன்றுக்குக்கூட அவர் கத்தியதில்லை.

கதவு திறந்தது. கையில் கன்ட்ரோலரோடு நின்றார். முடி கலைந்திருந்தது. ஆறு வயது குறைந்ததுபோல் இருந்தார். ஹாலில் இருந்தவர்களைப் பார்த்ததும் வயது திரும்ப வந்தது.

"யார் இதுல கை வச்சது?"

டாக்டர் பத்திரிகையை இறக்கினார். வாயைத் திறந்தார், மூடினார். மாப்பிள்ளை லென்ஸைப் பார்த்தான். லென்ஸ் சக்கரத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான்.

"நான்தான் மாமா. சீலைப் பிரிச்சேன். உங்க பழைய டிஸ்க் எல்லாம் ஓடட்டும்னு சிப்புல ஓட்டை போட்டேன்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க திருந்தவே மாட்டீங்களா" என்று முணுமுணுத்தாள்.

"ஒரு திருகைத் தொட்டா என்னன்னு சொன்னேன்?" என்றார் மாமனார்.

"ஞாபகம் இருக்கு மாமா."

"எத்தனை திருகு தொட்டீங்க?"

"பதினாலு."

"பதினாலும் திரும்பப் போட்டீங்களா?"

"பதினாலும்."

மாமனார் மூச்சை இழுத்தார். தீர்ப்புச் சொல்லப் போகிறவரின் மூச்சு. மகள் மாப்பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்தாள். சித்தப்பா மாமனாரின் முகத்தைத் தொழில்முறையாகப் பார்த்தார். முப்பது வருடத்தில் இப்படிப்பட்ட முகங்களை அவர் கழிவறைக் கதவுக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறார். ஏதோ சொல்ல வந்தார். நேற்று டாக்டர் நோண்டிய பல் சுள்ளென்றது. லென்ஸ் அவர் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் வரணும்" என்றார் மாமனார். கையில் இருந்த கன்ட்ரோலரைப் பார்த்தார். உள்ளே கூட்டம் இன்னும் ஆரவாரித்துக்கொண்டிருந்தது. "ஆனா ஒண்ணு புரியலை. ஓட்டை போட்டா இது எப்படி ஓடும்? நாலு மாசமா..."

நிறுத்தினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. அது ஹாலின் நடுவில், கழற்றிப் போட்ட கடிகாரத்தின் பக்கத்தில் கிடந்தது.

"நாலு மாசமா என்னப்பா?" என்றாள் மகள்.

அவர் மனைவியைப் பார்த்தார். டாக்டர் தலையை இடம் வலமாக ஆட்டினார். நான் சொல்லவில்லை என்று அர்த்தம்.

லென்ஸ் எழுந்து நின்றாள். காது சூடாக இருந்தது. இந்தமுறை தரையைப் பார்க்கவில்லை.

"சார். இவர் போட்ட ஓட்டை ரெண்டாவது" என்றாள். "முதல் ஓட்டையைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலை. நானும் சொல்ல மாட்டேன். இவரை வெளியே அனுப்பறதுன்னா அனுப்புங்க."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வாசலைப் பார்த்தான். மகள் சட்டை நுனியை விடவில்லை. மாமனார் பையில் இருந்த மூன்று பேனாவையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். பம்ப் கம்பெனியில் அறிக்கை வாசிக்கும் குரலில் சொல்லத்தான் முயன்றார். வந்தது வேறு குரல்.

"போன்ல பழைய மேட்ச்சை ஓடவிட்டு, பேருக்குப் பெட்டியையும் ஆன் பண்ணி வச்சுட்டு நாலு மாசமா சும்மா உட்கார்ந்திருந்தேன்மா. அதே டிஸ்க்குக்காக முதல் ஓட்டையைப் போட்டது நான்தான்."